நான்கு கண்கள், ஒரு சாட்சி

'கண்காணிப்பு' என்னும் சொல்லுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். சோழர் காலக் கல்வெட்டுகள் கோயில் காரியங்களை மேற்பார்த்த அலுவலரைக் 'கண்காணி' என்று குறிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள்களைத் திரட்டிச் சென்று, அங்கே அவர்களுக்கு மேலாளாக நின்றவர் 'கங்காணி'. இவர்களுடைய கூற்றில் ஐயம் எழுந்தால் இவர்களையே அழைத்து வினவ இயலும்: நீர் எங்கே நின்றீர்? எவ்வளவு தொலைவு? வெளிச்சம் போதுமானதாக இருந்ததா? இன்று அப்பணியைச் சுவரில் பொருத்திய ஒரு கருவி செய்கிறது. அதனிடம் இவ்வினாக்களை எவரும் எழுப்புவதில்லை. படமே இருக்கும்போது வினா எதற்கு என்பதே பொதுவான மனநிலை.

அவ்வினாக்களை எழுப்ப வேண்டிய நிலை எங்களுக்கு நேர்ந்தது. நாங்கள் பணியாற்றும் கல்லூரியில், நுழைவாயிலும் வண்டி நிறுத்துமிடமும் கூடும் நாற்சந்தியில் புதிய கேமரா பொருத்துவதென முடிவாயிற்று. கொள்முதல் குழுவில் இயற்பியல் துறையினரோடு தமிழ்த்துறைக்கும் ஓர் இடம் கிடைத்தது. விற்பனையாளர் கொண்டுவந்து காட்டியது பல உணரிக் கேமரா. ஒரே கூட்டுக்குள் நான்கு லென்சுகள், அவற்றின் பின்னே நான்கு சென்சார்கள் என்னும் உணரிகள், வெளியே வருவது ஒரே கம்பி. திரையில் நாற்சந்தி முழுவதும் ஒரே காட்சியாக விரிந்தபோது அறையில் இருந்த அனைவரும் வியந்தோம். அன்றே கையொப்பம் இட்டிருப்போம். பழைய நிகழ்ச்சி ஒன்று எங்களைத் தடுத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகலில் அந்த வண்டி நிறுத்துமிடத்திலிருந்து இருசக்கர வண்டி ஒன்று களவு போயிற்று. பழைய கேமராவின் பதிவை ஓட்டிப் பார்த்தோம். கருநிறச் சட்டையும் தோளில் பையுமாக ஓர் உருவம் வண்டியை உருட்டிச் சென்றது. எவரோ ஒரு மாணவனின் பெயரைச் சொன்னார். சொல்லும்வரை அது வெறும் உருவம். சொன்னபின் எல்லாருக்கும் அதில் அவன் தெரிந்தான். எங்களுக்கும் தெரிந்தான், நாங்களும் தலையசைத்தோம். ஒன்பது நாள்களுக்குப் பின் அவனுடைய தந்தை ஒரு வங்கிச் சீட்டுடன் வந்தார். களவு நிகழ்ந்த நேரத்தில் அவன் கல்விக் கடனுக்காக நகரத்து வங்கியில் வரிசையில் நின்றிருந்தான். விசாரணை கைவிடப்பட்டது. அவன் படிப்பை முடித்தே சென்றான். ஆனால் அதன்பின் எங்கள் வகுப்பில் ஒருநாளும் அவன் தலைநிமிர்ந்து பார்த்ததில்லை.

ஆகவே எங்கள் முன் இருந்த வினா, எந்தக் கேமரா அதிகம் காட்டும் என்பது மட்டுமன்று. காட்டுவதில் எவ்வளவை நாம் அறிந்ததாகக் கொள்ளலாம் என்பதும் ஆகும். இவ்விரண்டு வினாக்களுக்கும் தனித்தனி வரலாறுகள் உண்டு. அவற்றை ஒருமுறை நோக்குதல், விலைப்பட்டியலைப் படிப்பதினும் பயனுடையதாக இருந்தது.

அகலப் பார்வையின் ஆசை

ஒரே பார்வையில் அனைத்தையும் கண்டுவிட வேண்டும் என்னும் ஆசை கேமராவுக்கு முந்தியது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வாழ்ந்த ஓவியர் ராபர்ட் பார்க்கர், 1787-இல் வட்டச் சுவரில் தீட்டும் முழுச்சுற்று ஓவியத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1793-இல் லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்டமான கட்டடம் ஒன்று எழுந்தது. பார்வையாளர் நடுமேடையில் நின்று சுற்றிலும் திரும்பினால் ஒரு நகரமே தம்மைச் சூழ்ந்திருப்பதாக உணர்ந்தனர். 'பனோரமா' என்னும் சொல் இக்காட்சியோடு பிறந்ததே. பார்க்கர் எதிர்கொண்ட சிக்கல் நமக்கு முக்கியம். தனித்தனியே நேராக வரைந்த காட்சிகளை வளைந்த சுவரில் அடுத்தடுத்து ஒட்டினால், நேர்கோடுகள் இணைப்பிடத்தில் ஒடிந்து தெரியும். கண்ணுக்கு இயல்பாகத் தோன்ற வேண்டுமெனில் கோடுகளை வேண்டுமென்றே வளைத்து வரைய வேண்டும். அகலமான காட்சி என்பது உள்ளதை உள்ளவாறே காட்டுவதன்று; திருத்திக் காட்டுவது. இவ்வுண்மை அன்றே வெளிப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஆசை வானேறியது. ஆஸ்திரியப் படையில் பணியாற்றிய தியோடர் ஷைம்ஃப்ளூக், பலூனிலிருந்து நிலப்படம் எடுக்க எட்டு லென்சுகள் கொண்ட கேமராவை அமைத்தார். நடுவில் ஒன்று நேர் கீழே நோக்கும்; மற்ற ஏழும் சுற்றிலும் சாய்வாக நோக்கும். சாய்வாக எடுத்த படங்களில் அளவுகள் திரிந்திருக்கும் ஆதலின், அவற்றை ஒரே தளத்திற்குத் திருத்தும் முறைக்கும் அவர் 1904-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் 1930-களில் அமெரிக்கக் கடற்கரை நில அளவைத் துறை ஒன்பது லென்சுக் கேமராவை உருவாக்கியது. அதன் நடு லென்ஸ் நேராகவும், மற்ற எட்டும் கண்ணாடிகளின் வழியாகவும் நிலத்தைப் பார்த்தன. இன்று விற்பனைக்கு வரும் பல உணரிக் கேமராவின் மூதாதையர் இவையே எனலாம்.

அகலப் பார்வையின் பெருமையையும் அதன் குறையையும் ஒருசேர உலகுக்குக் காட்டியது திரைப்படம். ஃப்ரெட் வாலர் என்பவர் உருவாக்கிய 'சினிரமா' 1952 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. மூன்று படச்சுருள்களில் ஒருங்கே பதிவு செய்து, மூன்று வீழ்த்திகளால் வளைந்த திரையில் அடுத்தடுத்து வீழ்த்தினர். காட்சியின் அகலம் 146 பாகை. மக்கள் மெய்ம்மறந்தனர். ஆயினும் மூன்று படங்களுக்கும் இடையே இரண்டு தையல்கள் தெரிந்தன. வீழ்த்தியின் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற ஓர் உறுப்பை விரைந்து அசையவிட்டு அத்தையலை மங்கச் செய்தனர். இயக்குநர்கள் மரத்தையோ தூணையோ தையல் விழும் இடத்தில் நிறுத்தி மறைத்தனர். ஒரு பகுதியில் நிற்கும் நடிகர் அடுத்த பகுதியில் நிற்பவரை நேராகப் பார்த்தால், திரையில் அவர் வேறெங்கோ பார்ப்பதுபோல் தோன்றிற்று. பார்வை பொருந்தித் தெரிய அவர் சற்று விலகி நோக்க வேண்டியிருந்தது. 1963 முதல் சினிரமா என்னும் பெயரில் வந்த படங்களே மூன்று சுருள் முறையைக் கைவிட்டு ஒற்றைச் சுருளுக்குத் திரும்பின.

திரைப்படத்தில் தையலை மறைப்பது கலை. களவையும் அடிதடியையும் பதிவு செய்யும் கருவியில் தையலை மறைப்பது வேறு. அங்கே மறைவது மரமன்று. ஒரு மனிதரின் கையாகவோ முகமாகவோ இருக்கலாம்.

அறிதலின் அளவுகோல்

மூடிய சுற்றுத் தொலைக்காட்சி 1942-இல் ஜெர்மனியின் பீனமுண்டேயில் பயன்படுத்தப்பட்டது. ஏவுகணை புறப்படுவதை மனிதர் அருகில் நின்று காண இயலாது என்பதால், பொறியாளர் வால்டர் ப்ரூக் அமைத்த கேமராக்களின் வழியாகக் கண்டனர். வீட்டுக் காவலுக்கு அதனைக் கொண்டுவந்தவர் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன். கணவர் ஆல்பர்ட் பிரவுனுடன் 1966-இல் விண்ணப்பித்து 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். அவரது அமைப்பில் கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள். உள்ளே ஒரே கேமரா மேலும் கீழும் நகர்ந்து ஒவ்வொரு துளை வழியாகவும் பார்க்கும். நெடியவர் வந்தால் மேல் துளை, சிறுவர் வந்தால் கீழ்த் துளை. அவர் நாடியது அகலத்தையன்று. வந்தவரின் முகத்திற்கு நேரே கண்ணை வைப்பதை. இன்றைய நான்கு கண் கேமராவோடு இதனை ஒப்பிட்டால் நோக்கத்தின் வேறுபாடு புலப்படும்.

பார்த்தல், அறிதல் ஆகியவற்றுக்கு இடையே எண்களால் எல்லை வகுத்தவர் ஜான் ஜான்சன். அமெரிக்கப் படையின் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1958-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நோக்குநர்களை அமர்த்தி, பல்வேறு பொருள்களின் உருவங்களைக் காட்டி, கருப்பும் வெள்ளையுமான கோட்டிணைகள் எத்தனை ஒரு பொருளின் குறுகிய பக்கத்தில் அடங்கினால் அதனை எந்த அளவுக்கு அறிகின்றனர் என்று கணித்தார். 'ஏதோ இருக்கிறது' என்று சொல்ல 1 இணை. எத்திசையில் கிடக்கிறது என்று சொல்ல 1.4, என்ன வகை என்று சொல்ல 4, அவ்வகையில் எது என்று சொல்ல 6.4. இவையும் நூற்றுக்கு ஐம்பது வாய்ப்புக்கான அளவுகளே. இத்தனை இருந்தும் பாதிப் பேர் தவறக்கூடும் என்பதை அந்த அளவுகோல் தன்னுள்ளேயே வைத்திருந்தது.

காவல் கேமராக்களுக்கு இதனைப் பொருத்தியவர்கள் பிரிட்டனின் உள்துறை அமைச்சகத்து அறிவியலாளர்கள். 1.6 மீட்டர் உயரமுள்ள 'ரோட்டாகின்' என்னும் மனித உருவப் பலகையைக் கேமராவின் முன் நிறுத்தினர். அவ்வுருவம் திரை உயரத்தில் 5 விழுக்காடு இருந்தால் கூட்டத்தைக் கவனிக்கலாம். 10 இருந்தால் ஆள் இருப்பதைக் கண்டறியலாம். 50 இருந்தால் முன்பே தெரிந்தவரை இன்னார் எனலாம். முன்பின் அறியாதவரை ஐயமற அடையாளம் காண 120 வேண்டும், அதாவது உருவம் திரையை மீறி நிற்க வேண்டும். கேமராக்கள் எண்முறைக்கு மாறியபின் விழுக்காட்டின் இடத்தைப் பிக்சல் என்னும் படப்புள்ளி பிடித்தது. 2014-இல் வெளிவந்த பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62676-4 என்னும் நியமம், ஒரு மீட்டர் அகலத்தில் விழும் புள்ளிகளைக் கொண்டு படிகளை வகுத்தது: கவனிக்க 12.5, கண்டறிய 25, உற்றுநோக்க 62.5, தெரிந்தவரை இனங்காண 125, அறியாதவரை அடையாளம் காண 250.

கணக்கு சொல்வது

இந்த அளவுகோலை விற்பனையாளரின் கேமராவில் வைத்துப் பார்த்தோம். பெட்டியின் மேல் '20 மெகாபிக்சல்' என்றிருந்தது. உண்மையில் அது ஐந்து மெகாபிக்சல் உணரிகள் நான்கு. ஒவ்வொன்றின் அகலமும் 2592 புள்ளிகள். நான்கையும் பக்கம் பக்கமாக வைத்து 180 பாகையைக் காண்பதாயின், ஒன்றுக்கு 45 பாகை. கணக்கிட்டால் அடையாளம் காணும் எல்லை சுமார் 12.5 மீட்டர், தெரிந்தவரை இனங்காணும் எல்லை 25 மீட்டர். அதே உணரிகளை நான்கு திசைக்கும் திருப்பி 360 பாகையைக் காண்பதாயின், ஒன்றுக்கு 90 பாகை. இப்போது அடையாளம் காணும் எல்லை 5.2 மீட்டராகச் சுருங்குகிறது. இனங்காணும் எல்லை 10.4 மீட்டர். உணரிகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அமைத்தால் மொத்த அகலத்தில் சிறிது குறையும். கருவி மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை, பரப்பைக் கூட்டியதும் ஆழம் குறைந்தது.

இத்துடன் முடியவில்லை. எங்கள் கம்பத்தின் உயரம் 5 மீட்டர். மனிதமுகம் ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேமராவிலிருந்து 5.2 மீட்டர் தொலைவில் அம்முகம் இருந்தால், கேமரா அதனை ஏறத்தாழ 41 பாகை சாய்வில் மேலிருந்து பார்க்கும். புள்ளிகள் போதும், தெரிவதோ உச்சந்தலையும் நெற்றியும். அடையாளம் காணலாம் என்று எண் சொல்லும் இடத்தில், இயலாது என்று கோணம் சொல்கிறது. பிரவுன் அம்மையார் கதவில் துளைகளை ஏன் முக உயரத்தில் வைத்தார் என்பது இங்கே விளங்கும்.

அடுத்தது தையல். நான்கு லென்சுகளும் ஒரே புள்ளியில் இல்லை. சில அங்குலங்கள் விலகி இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட தொலைவுக்குப் பொருந்துமாறு படங்களை இணைத்தால், அதனினும் அருகில் வருபவர் இணைப்பிடத்தில் இரட்டையாகவோ அரையாகவோ தெரிவார். எனவே எங்கள் அலுவலக உதவியாளரை 3 மீட்டர், 10 மீட்டர், 20 மீட்டர் தொலைவுகளில் தையலுக்குக் குறுக்கே நடக்கச் சொன்னோம். 20 மீட்டரில் அவர் முழுமையாகக் கடந்தார். 3 மீட்டரில் கையிலிருந்த கோப்பு ஒரு கணம் காணாமற்போயிற்று. ஒரு களவு நடப்பதற்கு அந்த ஒரு கணம் போதும்.

மூன்றாவது இரவு. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் கண்ணைத் திறந்து வைக்கும். வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், வினாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் குறுக்கே நடப்பவர் அதற்குள் சுமார் 4.7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். மீட்டருக்கு 250 புள்ளிகள் உள்ள இடத்திலும் அவர் முகம் 12 புள்ளி அகலத்திற்கு இழுபடும். பகலில் காட்டிய படத்தைக் கொண்டு இரவுக் காவலை விலை பேசக்கூடாது. விற்பனையாளரை இரவு எட்டு மணிக்கு மீண்டும் வரச் சொன்னோம், வந்தார்.

பொருத்துவோர் கருத வேண்டியவை இன்னும் சில உள. நான்கு ஓட்டங்களும் தலைக்கு வினாடிக்கு 4 மெகாபிட் எனில், முப்பது நாள் பதிவுக்கு ஏறத்தாழ 5.2 டெராபைட் வேண்டும். பதிவு மென்பொருளில் சில, ஒரு கருவிக்கு ஓர் உரிமம் கேட்கும்; சில, ஒவ்வோர் உணரிக்கும் தனித்தனியே கேட்கும்; இதனை முன்பே எழுத்தில் பெறுதல் நன்று. வலைக்கம்பி வழியே மின்சாரம் தரும் முறையில் 2003-இன் நியமம் 15.4 வாட்டும், 2009-இன் நியமம் 30 வாட்டும் தருவன. அகச்சிவப்பு விளக்குகளும் உடனிருந்தால் முதலாவது போதாமற்போகலாம். கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் விதிகளை இந்திய அரசு 2024-இல் அறிவித்து 2025 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. அதற்குரிய சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒற்றர் மூவர்

இக்கணக்குகளை எல்லாம் இயற்பியல் துறை நண்பர்கள் போட்டார்கள். தமிழ்த்துறையின் பங்காக நாம் ஒன்றைச் சொன்னோம். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் கண்காணிப்பைப் பற்றியது. ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். அதனோடு நில்லாமல், ஒருவரை ஒருவர் அறியாத மூவரை ஏவி, மூவர் சொல்லும் ஒத்தால் அதன்பின்னரே தெளிய வேண்டும் என்கிறார். இங்கு எண்ணிக்கை மூன்று என்பதைவிட, ஒருவரை ஒருவர் அறியாமை என்பதே உயிர்நிலை. ஒரே இடத்தில் நின்று, ஒரே சொல்லைக் கேட்டு வந்த மூவர் ஒற்றர் மூவராகார், ஒருவரே.

நான்கு உணரிக் கேமராவுக்கு இதனைப் பொருத்திப் பாருங்கள். நான்கு கண்களும் ஒரே கம்பத்தில், ஒரே உயரத்தில் இருக்கின்றன. ஒரே கம்பி அறுந்தால் நான்கும் குருடாகும். ஒரு மரக்கிளை வளர்ந்தால், ஒரு சிலந்தி வலை பின்னினால், நான்கும் பாதிக்கப்படலாம். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தால், அவரை மறுபுறமிருந்து காண அவற்றுள் ஒன்றாலும் இயலாது. கண்கள் நான்காயினும் சாட்சி ஒன்றே. இதனால் அக்கருவி பயனற்றது என்பதில்லை. எங்கே என்ன நிகழ்ந்தது, எவ்வழியாக வந்து எவ்வழியாகச் சென்றார்கள் என்பதைத் தொடர்ச்சி அறாமல் சொல்வதில் அதற்கு இணை இல்லை. நான்கு தனிக் கேமராக்களுக்கு ஆகும் கம்பி வேலையையும் அது மிச்சப்படுத்தும். யார் என்று மட்டும் அதனைக் கேட்கக்கூடாது.

குழுவின் முடிவு இவ்வாறு அமைந்தது. நாற்சந்திக் கம்பத்தில் நான்கு உணரிக் கேமரா ஒன்று. அதன்றி, எல்லாரும் ஒவ்வொருவராகக் கடந்தே ஆக வேண்டிய வாயிற்குறுகலில், முக உயரத்திற்குச் சற்று மேலே, குறுகிய கோணமுடைய எளிய ஒற்றைக் கேமரா ஒன்று. அதற்குத் தனிக் கம்பி. முன்னது நிகழ்ச்சியைச் சொல்லும். பின்னது முகத்தைச் சொல்லும். இரண்டும் ஒத்தால் மட்டுமே ஒருவரை அழைத்து வினவுவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். கல்லூரி வரைபடத்தில் கம்பத்தைச் சுற்றி 5, 10, 20, 50 மீட்டரில் நான்கு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வட்டத்திற்குள்ளும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தமிழில் குறித்து, பதிவுகளைப் பார்க்கும் அறையில் ஒட்டினோம்.

எல்லாம் முடிந்தபின் ஒரு கணக்கு மீதமிருந்தது. அதனை நாங்களே கேட்டுப் போடச் செய்தோம். அந்தப் பழைய கேமராவின் பட அகலம் 704 புள்ளிகள். அதன் பார்வை 60 பாகை. வண்டியை உருட்டிச் சென்ற உருவம் நின்ற தொலைவு, நாடா பிடித்து அளந்தபோது, 30 மீட்டர். மீட்டருக்குச் சுமார் 20 புள்ளிகள். ஆள் ஒருவர் இருக்கிறார் என்று கண்டறிவதற்கே 25 வேண்டும். ஒரு முகத்தின் அகலத்தைப் பதினாறு சென்டிமீட்டர் என்று கொண்டால், அடையாளம் காண அதில் நாற்பது புள்ளிகள் விழுந்திருக்க வேண்டும். அன்று விழுந்தவை மூன்று.

அந்த மூன்று புள்ளிகளுக்குத்தான் நாங்கள் ஒரு மாணவனின் பெயரைச் சூட்டினோம். இக்கணக்கை ஒரு தாளில் எழுதி, எங்கள் பிழை இது என்று கீழே குறிப்பிட்டு, அவனுடைய முகவரிக்கு அனுப்பியிருக்கிறோம். விடை வரவில்லை, வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எங்களுக்கு இல்லை.